மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் வராது

புரட்டாசி முடிகிற சமயம் சென்னையிலும் கடலோர ஊர்களிலும் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கும். "மழைக்கு முன்னாடி ரெண்டு கேன் தண்ணி கூடுதலா வாங்கி வெச்சுக்கலாங்க" என்பார் மனைவி. "நாம இருக்கறது மூணாவது மாடி. இங்க எங்க தண்ணி வரப்போகுது?" என்பார் கணவர். சில வீடுகளில் இதே பேச்சு ஆள் மாறி நடக்கும். அதோடு சரி, அடுத்த புயல் சின்னம் வரைக்கும் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

மறுத்தவர் சொன்னதில் தப்பில்லை. மூன்றாவது மாடிக்கு வெள்ளம் வராதுதான். ஆனால் அங்கே குழாய்த் தண்ணீரும் வராது. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் மேல்தொட்டி நிரம்பாது. நான்கைந்து குடும்பங்கள் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவினால் ஒரு தொட்டித் தண்ணீர் ஒரு நாளைத் தாண்டுவதே பெரிய விஷயம். ஜெனரேட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். பெரும்பாலான அடுக்ககங்களில் அது தரைத்தளத்திலோ அதற்கும் கீழேயோதான் இருக்கிறது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் முதலில் நிற்பது அதுதான். அதோடு லிஃப்ட் நிற்கும். தரைக்குக் கீழே உள்ள தொட்டியில் சாக்கடை கலந்துவிட்டால், கரண்ட் திரும்ப வந்த பிறகும் அந்தத் தண்ணீரைத் தொட முடியாது. செல்போன் கோபுரங்கள் பேட்டரியிலும் டீசலிலும் சில மணி நேரம் தாக்குப் பிடிக்கும். அதன் பிறகு போனில் சார்ஜ் இருந்தும் பயனில்லை. சிக்னல் போனால் யுபிஐ-யும் போய்விடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மேல்மாடிகளில் இருந்த பலர் அனுபவித்தது இதைத்தான். வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதே வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை, கீழே இறங்க வழியும் இல்லை. 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா வேறு ரகம். மழையைவிடக் காற்றுதான் அதிகம் சேதம் செய்தது. மரங்கள் கம்பிகளோடு சாய்ந்து, பல தெருக்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பணமதிப்பு நீக்கம் நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கார்டு மெஷின் வேலை செய்யவில்லை, கையில் நோட்டும் இல்லை.

அதனால் துணையிடம் வெள்ளத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்பதுதான் என் யோசனை. "வெள்ளம் வந்தா என்ன பண்ணுவோம்?" என்று கேட்டால் "வராது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். "ரெண்டு நாள் கரண்ட் இல்லன்னா என்ன பண்ணுவோம்?" என்று கேட்டால் அப்படி முடிக்க முடியாது. எல்லோருக்கும் அதில் அனுபவம் உண்டு.

அந்த அனுபவத்தைப் புதுப்பித்துக்கொள்ள மின்வாரியமே வழி செய்து தருகிறது. பராமரிப்புப் பணிக்காக நாளை காலை 9 மணி முதல் மின்தடை என்று பேப்பரில் பகுதி வாரியாகப் போடுவார்களே, அந்த நாளை ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டி எதையும் தயார் செய்யாதீர்கள், பிரசங்கமும் வேண்டாம். அன்று எது முதலில் கைவிடுகிறது என்று இரண்டு பேரும் கவனித்தால் போதும். டார்ச் எங்கே என்று யாருக்கும் தெரியாது, கிடைத்தால் அதில் பேட்டரி கசிந்திருக்கும். பவர்பேங்க் காலியாக இருக்கும். மாமியாருக்கு நெபுலைசர் வைக்க வேண்டிய நேரமாகிவிடும். சாயங்காலம் கரண்ட் வந்ததும், "இதுவே மூணு நாளா இருந்தா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு விடுங்கள். நூறு வாட்ஸ்அப் வீடியோ செய்யாததை அந்த ஒரு பகல் செய்துவிடும்.

வீடியோக்கள் ஏன் வேலை செய்வதில்லை என்பதற்கு உளவியலில் விளக்கம் இருக்கிறது. ரொனால்டு ராஜர்ஸ் 1975-இல் முன்வைத்த ஒரு கோட்பாட்டையும் அதன் வழி வந்த ஆய்வுகளையும் சுருக்கினால் இவ்வளவுதான்: ஆபத்தைக் காட்டி மட்டும் பயமுறுத்தினால் ஆள் செயல்பட மாட்டார். "இதை என்னால் செய்ய முடியும், செய்தால் பலனும் இருக்கும்" என்ற நம்பிக்கை கூடவே வர வேண்டும். அது வராவிட்டால் மனசு பயத்தைக் குறைக்க ஒரு குறுக்கு வழி தேடும். விஷயத்தையே ஒதுக்கிவிடுவதுதான் அந்த வழி. இரவு பதினொரு மணிக்குச் செம்பரம்பாக்கம் ஏரி நீர்மட்டத்தை வாசித்துக் காட்டினால் துணை ஏன் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார் என்பது இப்போது புரியும்.

மறுப்புக்கு வேறு காரணங்களும் இருக்கும், அவை வாயில் வராது. "அபசகுனமா பேசாதே" என்று சொல்கிறவரிடம் தர்க்கம் செய்து பயனில்லை. "மழைக்காலத்துச் சாமான்" என்று சொல்லிப் பாருங்கள், அதில் அபசகுனம் எதுவும் இல்லை. வெயில் காலத்தில் வடாமும் வற்றலும் போட்டு டப்பாவில் அடைத்துவைத்த பாட்டிகள் அதைப் பேரிடர் மேலாண்மை என்று சொல்லிக்கொண்டதில்லை. இடம் அடைக்கும் என்று சொன்னால், அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரைக்கும்தான் என்று வாக்குக் கொடுங்கள். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது எல்லாம் கரைந்துவிடும். 2015 வெள்ளத்தில் கோட்டூர்புரத்திலோ முடிச்சூரிலோ மொட்டைமாடியில் ராத்திரியைக் கழித்தவர் இந்தப் பேச்சே வேண்டாம் என்றால், அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மறக்க நினைப்பதைக் கிளறாமல் வேலையை நீங்களே செய்துவிடலாம்.

இன்னொரு காரணம் அடுக்களையில் இருக்கிறது. சமையலறையைப் பார்த்துக்கொள்பவரிடம் போய் "நம்ம வீட்ல எதுவுமே ரெடியா இல்ல" என்றால், அது அவர் நிர்வாகத்தைக் குறை சொல்வதாகத்தான் காதில் விழும். உண்மையில் அவர்தான் பல வருஷமாக ஆயத்தமாக இருப்பவர். அரிசி, பருப்பு, ரவை, அவல், ஊறுகாய் என்று பத்து நாளைக்கு எப்போதும் கையிருப்பு இருக்கும். "சாப்பாட்டு விஷயத்துல நீ எப்பவுமே ரெடி. தண்ணியையும் மருந்தையும் நான் பாத்துக்கறேன்" என்று தொடங்கினால் பேச்சு வேறு திசையில் போகும்.

செலவும் பலர் பயப்படுகிற அளவுக்கு இல்லை. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால், நான்கு பேருக்கு மூன்று நாளுக்கு 48 லிட்டர். இரண்டு 20 லிட்டர் கேனும் வீட்டில் உள்ள குடங்களும் போதும். புழங்குகிற தண்ணீரைப் புயல் எச்சரிக்கை வந்த அன்று வாளிகளில் பிடித்துக்கொள்ளலாம். காஸ் சிலிண்டர் ஒன்று முழுசாக இருக்க வேண்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். பத்து, ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் பணம் எடுத்துவையுங்கள். பத்திரங்களையும் சான்றிதழ்களையும் தண்ணீர் புகாத உறையில் போட்டுப் பரணில் வையுங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு நனைந்துபோன ஆவணங்களுக்கு நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியிருந்தது.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், மறுப்பவருக்கு எது உயிரோ அதிலிருந்து தொடங்குங்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசைகட்டி நின்றன. அவற்றை ஓட்டிவந்து நிறுத்தியவர்களில் வீட்டில் மெழுகுவத்தி வாங்க மறுத்தவர்கள் எத்தனை பேரோ! காரை முன்கூட்டியே மேட்டில் ஏற்றத் தெரிந்தவருக்கு ஆயத்தம் என்றால் என்ன என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. "கார் வேலையை நீங்க பாத்துக்கங்க, கூடவே பவர்பேங்க், டார்ச், இன்வெர்ட்டர் எல்லாம் உங்க பொறுப்பு" என்று துறை பிரித்துக் கொடுத்தால், பெரும்பாலும் மறுக்க மாட்டார். கொடுத்த பிறகு மேற்பார்வை பார்க்கக் கூடாது. மலிவான டார்ச் வாங்கி வந்தாலும் சரி.

இவற்றில் எல்லாம் விட்டுக்கொடுக்கலாம். நான்கு விஷயங்களில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். தனி வீடோ தரைத்தளமோ என்றால், தண்ணீர் வாசற்படி ஏறும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். ஏறிய பிறகு தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடக் கூடாது. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. இன்ஜின் தண்ணீரை உறிஞ்சிப் பாழாகிவிடும், சாதாரண இன்ஷூரன்ஸில் அதற்குப் பணம் கிடைப்பதும் கஷ்டம். டயாலிசிஸில் இருப்பவர், நிறைமாத கர்ப்பிணி, படுக்கையில் இருக்கும் பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால், புயல் கரையைக் கடப்பதற்கு முந்தைய நாளே மேட்டுப்பகுதியில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கோ ஆஸ்பத்திரி பக்கத்திலோ கொண்டுபோய்விட வேண்டும். கடைசியாக, வெளியேறச் சொல்லி அதிகாரிகள் வந்தால், "இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்" என்ற பேச்சே கூடாது. இதைப் பற்றி மழை தொடங்கும் முன்பே இருவரும் பேசி முடிவு செய்துவிடுங்கள், படகு வந்து நிற்கும்போது விவாதிக்க நேரம் இருக்காது.

எந்த அவசரத்துக்கும் 112, ஆம்புலன்ஸுக்கு 108, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சிக்கு 1913. இந்த எண்களோடு வெளியூரில் இருக்கும் ஒரு உறவினரின் எண்ணையும் காகிதத்தில் எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். உள்ளூரில் ஆளுக்கொரு பக்கம் சிக்கிக்கொண்டால் இருவரும் அந்த ஒரே உறவினருக்குத் தகவல் சொல்லலாம். பேச முடியாத அளவுக்கு சிக்னல் குறைந்தாலும் எஸ்எம்எஸ் போய்ச் சேர வாய்ப்பு உண்டு.