பறவை பார்க்கப் போன ஊர்கள் – 7: கொல்கத்தாவுக்கு எட்டு மடங்கு போதும்

சத்யஜித் ராயின் 'சாருலதா' (1964) பார்த்தவர்களுக்குக் கைப்பிடி வைத்த அந்தச் சின்னக் கண்ணாடி மறந்திருக்காது. பெரிய வீட்டில் பொழுது போகாமல் தவிக்கும் சாரு, சன்னல் இடுக்கு வழியாகத் தெருவில் குடையோடு போகும் ஒரு பருத்த மனிதரைப் பார்க்கிறாள். அவர் சன்னலைத் தாண்டியதும் அடுத்த சன்னலுக்கு ஓடுகிறாள். கொஞ்ச நேரம் கழித்து, கையிலிருக்கும் புத்தகத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல் அவளைக் கடந்துபோகும் கணவனையும் அதே கண்ணாடியால்தான் பார்க்கிறாள்.

அது நாடகக் கொட்டகைக்கென்று செய்த கண்ணாடி. இரண்டரை, மூன்று மடங்குக்கு மேல் பெரிதாக்காது. பார்வை வட்டமும் குறுகல். கதை நடப்பதோ 1870களின் கடைசியில். அன்றைய கல்கத்தாவில் எவ்வளவு பணம் இருந்தாலும் கைக்குள் அடங்குகிற நல்ல பைனாகுலர் கிடைத்திருக்காது. பட்டகத்தை வைத்து ஒளியை மடக்கும் முறைக்கு இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனாலும் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் 1894இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது ஊர் உலகத்துக்குப் பயன்பட்டது.

அதற்கு முன்பு இந்த ஊரில் பறவையியல் இல்லையா என்றால், கொடிகட்டிப் பறந்தது. ஏசியாட்டிக் சொசைட்டியின் அருங்காட்சியகத்தை 1841 முதல் 1862 வரை கவனித்துக்கொண்டவர் எட்வர்ட் பிளைத். குளிர்காலத்தில் நம் வீட்டு வேலிக்கும் வந்து 'டக் டக்' என்று சத்தம் கொடுக்கும் பிளைத் நாணல் கதிர்க்குருவி அவர் பெயரைத்தான் சுமக்கிறது. அவர் காலத்தில் பறவையின் பெயரை முடிவுசெய்ய வேண்டுமென்றால் அதைச் சுட்டு, தோலை உரித்து, மேசையில் கிடத்த வேண்டும். நாம் குருவியை உயிரோடு விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறோமே, அந்தச் சலுகையைக் கொடுத்தது பட்டகம்தான்.

கண்ணாடிக் கருவிகளுக்கும் கொல்கத்தாவுக்கும் இன்னொரு பழைய உறவு உண்டு. அதில் நம் ஆர்க்காட்டுக்கும் பங்கு இருக்கிறது. நில அளவைத் துறைக்காக 1830 வாக்கில் இங்கே ஒரு கணிதக் கருவிப் பட்டறை உருவானது. அதை நடத்த லண்டனிலிருந்து ஹென்றி பாரோ என்பவரை வரவழைத்தார்கள். அவருக்கு முன்பே, சென்னையில் ஒரு நகைக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆர்க்காட்டுக்காரர் சையது மீர் மொஹ்சின் ஹுசைன், கருவி பழுதுபார்க்கக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்திருந்தார். பாரோ ஊர் திரும்பிய பிறகு, நில அளவைத் துறைத் தலைவராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் விடாமல் பரிந்துரைத்து, அந்தப் பதவியை மொஹ்சினுக்கே வாங்கிக்கொடுத்தார். நகை செய்து பழகிய விரல், தியோடலைட்டின் நுணுக்கமான கோடுகளுக்குச் சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும்.

அந்தப் பட்டறையின் வாரிசுதான் ஜாதவ்பூரில் இருந்த பொதுத்துறை நிறுவனமான நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ். தியோடலைட், மைக்ரோஸ்கோப், பைனாகுலர், 'நேஷனல் 35' என்ற கேமரா என்று செய்துகொண்டிருந்தார்கள். நலிந்து மூடப்பட்ட அந்த வளாகம் 2009இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது. ஆக, இன்று இந்த ஊரில் பைனாகுலர் வாங்க நினைப்பவர் எஸ்பிளனேடில் மெட்ரோ சினிமாவை ஒட்டிய கேமராச் சந்துக்குத்தான் போக வேண்டும். இல்லையென்றால் இணையத்தில் தேட வேண்டும். சந்துக்குப் போவதே நல்லது என்பேன். கண்ணில் வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாத பொருள் இது.

கடைக்குள் நுழைந்ததும் எல்லாரும் கேட்கும் கேள்வி: "இதுல எத்தனை கிலோமீட்டர் தெரியும்?" ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் என் கழுத்தில் தொங்கும் கருவியைப் பார்த்துவிட்டு, லேக் மார்க்கெட் பக்கமிருந்து காலை நடைக்கு வரும் தமிழ் மாமாக்களும் இதையேதான் கேட்பார்கள். நிலா தெரிகிறது மாமா, மூன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டருக்கு மேல் என்றால் சிரித்துவிட்டு நகர்வார்கள். பைனாகுலர் தூரத்தைக் காட்டுவதில்லை, அருகில் கொண்டுவருகிறது. அதன்மேல் 8×25 என்று எழுதியிருந்தால், எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்க வில்லையின் குறுக்களவு 25 மில்லிமீட்டர் என்று பொருள். கடைக்காரர் முதல் எண்ணைக் காட்டித்தான் விற்பார். நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை. இந்த ஊரில் அது இன்னும் முக்கியம்.

ஏன் இந்த ஊரில்? நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம், கொல்கத்தாவோ கிழக்குக் கோடியில் இருக்கிறது. டிசம்பர் முதல் வாரத்தில் ஐந்து மணி அடிக்கும் முன்பே சூரியன் போய்விடும். சென்னையில் அப்போது இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வெயில் பாக்கி இருக்கும். காலையில் பனியும் புகையும் கலந்த மூட்டம் எளிதில் விலகாது. வலசைப் பறவைகள் வருவதோ இதே மாதங்களில்தான். நீங்கள் பார்க்கப்போகும் பறவையில் பாதி, மர நிழலில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். ஏரிக்கரையின் செந்தலைப் பூங்குருவியை அப்படித்தான் தேட வேண்டும்.

பைனாகுலரைக் கை நீட்டி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், கண் வைக்கும் பக்கத்தில் சின்ன வெள்ளை வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் அகலம்தான் உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றை. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் அளவு வந்துவிடும். 10×25 என்றால் இரண்டரை மில்லிமீட்டர். 8×25 என்றால் மூன்றுக்குக் கொஞ்சம் மேல். 8×32 என்றால் நான்கு. உச்சி வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுவதால் வித்தியாசம் தெரியாது. மாலை நாலரை மணி மர நிழலில் கண்மணி அகலமாக விரிந்து ஒளிக்காகக் காத்திருக்க, 10×25 அதற்கு இரண்டரையைத்தான் ஊட்டும். பறவை பெரிதாகத் தெரியும், கறுப்பாகவும் தெரியும். வில்லைப் பரப்பை எடுத்துக்கொண்டாலும், 25 வாங்குவதைப் போல 32 ஏறத்தாழ 1.6 மடங்கு ஒளியை வாங்குகிறது. ஏழு மில்லிமீட்டர் அகலம் செய்யும் வேலை அது.

'பயணத்துக்கு ஏற்ற பத்து மடங்கு, சட்டைப்பையில் அடங்கும்' என்று விற்கப்படும் 10×25ஐ இந்த ஊருக்கு யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். பத்து மடங்கில் பறவையோடு கை நடுக்கமும் பத்து மடங்காகும். கருவி இலேசாக இருந்தால் நடுக்கம் இன்னும் கூடும். இரண்டரை, மூன்று மணி நேர ரயில் பயணத்தில் பூர்வஸ்தலி போன்ற இடத்துக்குப் போய் நாட்டுப் படகில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குப் படகின் ஆட்டமும் இதில் சேரும். எட்டு மடங்கு, 32 மில்லிமீட்டர்: இதுதான் என் தீர்ப்பு. எடை பெரும்பாலும் அரைக் கிலோவை ஒட்டி வரும். நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் வில்லை இன்னும் வெளிச்சமானது, ஆனால் முக்கால் கிலோவைத் தொடும். கழுத்தில் அதை மாட்டிக்கொண்டு மெட்ரோவிலும் ஆட்டோவிலும் ஏறி இறங்கிய சுற்றுலாப் பயணி மறுநாள் அதை அறையிலேயே விட்டுவிட்டுப் போவார். அறையில் கிடக்கும் நாற்பத்திரண்டைவிடக் கழுத்தில் தொங்கும் இருபத்தைந்து மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படி இருபத்தைந்துதான் வேண்டுமென்றால் எட்டு மடங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் பரீட்சைக்கு வரும் இடம் நரேந்திரபூரில் இருக்கும் சிந்தாமணி கர் பறவைகள் சரணாலயம். பக்கத்தில் வாழ்ந்த சிற்பியின் பெயரைத் தாங்கிய பழைய பழத்தோட்டம் அது. மாமரங்கள் வெளிச்சத்தை வடிகட்டித்தான் கீழே விடும். நம் மாநிலப் பறவையான மரகதப்புறாவை அங்கே தரையில் காணலாம். பச்சைச் சிறகு கண்ணுக்குப் பச்சையாகத் தெரிய வேண்டுமென்றால் ஒளி வேண்டும். ஒளி போதாத கண்ணாடியில் அது வெறும் கறுத்த புறா. பறவை சில வேளை மிக அருகிலேயே வந்துவிடும் என்பதால், இரண்டு மீட்டர் தூரத்திலும் தெளிவாகக் காட்டுமா என்று கடையிலேயே சோதித்துப் பாருங்கள். உங்கள் செருப்பைப் பார்த்தாலே போதும்.

ஹௌராவின் சாந்த்ராகாச்சி ஏரியில் கதை வேறு. ரயில் நிலையத்தை ஒட்டிய திறந்த நீர், நல்ல வெயில், ஆகாயத்தாமரைத் திட்டுகளில் நூற்றுக்கணக்கில் சீழ்க்கைச் சிரவிகள், நடுவில் ஊசிவால் வாத்தும் கருவால் வாத்தும். இங்கே பத்து மடங்குக்காரர் சற்றுப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரே மாதிரி இருக்கும் கூட்டத்தில் வித்தியாசமான ஒரு வாத்தைத் தேடிக் கண்ணாடியை ஓட்டும்போது, அகலமான பார்வை வட்டம் உள்ளவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். 8×32இல் ஆயிரம் மீட்டர் தொலைவில் 130 மீட்டர் அகலத்துக்கு மேல் தெரிந்தால் நல்ல கருவி.

மற்றவை சுருக்கமாக. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள், கண்ணை 15 மில்லிமீட்டராவது தள்ளி வைத்தும் முழு வட்டம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கண்வளையத்தைத் திருகி உள்ளே தள்ளிவிட்டு, கண்ணாடியைக் கழற்றாமல் பாருங்கள். வலது கண் பக்கத்து வளையத்தை ஒருமுறை உங்கள் கண்ணுக்குச் சரிசெய்துவிட்டால் பிறகு தொட வேண்டியதில்லை. இதைச் செய்யாமல் பைனாகுலரே மங்கல் என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. மாணிக்கச் சிவப்பாக மின்னும் வில்லை, எட்டிலிருந்து இருபத்துநான்கு வரை மாற்றிக்கொள்ளும் ஜூம் இரண்டும் வேண்டாம். நல்ல 8×32 ஒன்றின் விலை, சுமாரான ஒரு ஸ்மார்ட்போன் விலையில் தொடங்கும். போனைப் போல இரண்டு வருடத்தில் பழசாகாது.

ஆனால் பூஞ்சை பிடிக்கும். வங்காளத்து மழைக்காலத்தில் அலமாரியில் தோல் உறைக்குள் மூடி வைத்த கண்ணாடியின் உட்புறத்தில் சிலந்தி நூல் போல வெள்ளை இழை படர்ந்துவிடும். அதைக் கழற்றித் துடைத்து மறுபடி இரண்டு குழலையும் நேர்படுத்தத் தெரிந்தவர்கள் குறைவு. நைட்ரஜன் நிரப்பி அடைத்த கருவியாக வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை, பறவை இருக்கிறதோ இல்லையோ, வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

(தொடரும்)