நீரும் நடனமும்: பீட்டர்ஹோப்பில் ஒரு பகல், மாரின்ஸ்கியில் ஓர் இரவு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குச் செல்லும் பயணி, கோடைகாலத்தில் ஒரே ஒரு நாளை அங்கே கழிக்க நேர்ந்தால், பகலைப் பீட்டர்ஹோப் அரண்மனைத் தோட்டத்திற்கும் மாலையை மாரின்ஸ்கி அரங்கின் பாலே நடனத்திற்கும் ஒதுக்குவது பெரும்பாலோர் மேற்கொள்ளும் வழக்கம். ஒன்று நீர் ஆடும் ஆட்டம்; மற்றொன்று மனிதர் ஆடும் ஆட்டம். இதை எழுதுபவன் அங்கே சென்றவன் அல்லன். கல்லூரிச் சுற்றுலாவைத் தவிர வேறு நெடும்பயணம் அறியாதவன். ஆயினும் வகுப்பில் கரும்பலகையில் கண்ட சில விதிகள் அவ்விரண்டு இடங்களிலும் கண்கொள்ளாக் காட்சியாக நிற்கின்றன என்பதைப் படித்து அறிந்தபோது, அதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்பினேன்.

பீட்டர்ஹோப், நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், பின்லாந்து வளைகுடாவின் தென்கரையில் உள்ளது. பேரரசர் முதலாம் பீட்டர் 1717ஆம் ஆண்டு பிரான்சு நாட்டிற்குச் சென்று வெர்சேல்ஸ் தோட்டத்தைப் பார்த்தார். அதைப்போல, அதைவிடச் சிறப்பாக, தமக்கொன்று வேண்டும் என்று எண்ணினார். மன்னர்களின் ஆசை அப்படித்தான் பிறக்கிறது! ஆனால் இந்த ஆசையை நிறைவேற்றிய வழியில்தான் அறிவியல் மாணவன் கற்க வேண்டியது இருக்கிறது.

வெர்சேல்ஸ் தோட்டத்தின் பெருங்குறை தண்ணீர். அரண்மனை மேட்டில், செய்ன் ஆறு பள்ளத்தில். ஆற்று நீரை மேலேற்ற, பதினான்காம் லூயி மன்னர் 1684இல் மார்லி என்னுமிடத்தில் ஒரு மாபெரும் எந்திரத்தை நிறுவினார். 14 நீர்ச்சக்கரங்கள், இருநூறுக்கும் மேற்பட்ட இறைப்பிகள் சேர்ந்து நீரை ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்திற்கு ஏற்றின. அவ்வளவு பாடுபட்டும் எல்லா நீரூற்றுகளையும் ஒரே வேளையில் நாள் முழுதும் ஓடவிட நீர் போதவில்லை. மன்னர் உலாவரும் வழியில் மட்டும் முன்கூட்டிச் சீழ்க்கை அடித்துக் குறிப்புக் கொடுத்து, அவர் வரும்போது திறந்து, கடந்ததும் மூடிவிடுவார்களாம்.

பீட்டர்ஹோப்பில் ஏறத்தாழ 150 நீரூற்றுகள் உள்ளன. அவற்றை இயக்க ஓர் இறைப்பி கூட இல்லை. தெற்கே 20 கிலோமீட்டருக்கு அப்பால் ரோப்ஷா என்ற மேட்டுநிலத்தில் ஊற்றுகள் இருப்பதைப் பீட்டர் கண்டறிந்தார். அங்கிருந்து ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. வசீலி துவோல்கோவ் என்ற பொறியாளர் அதை வகுத்தார். படைவீரர்களும் குடியானவர்களும் மண்ணை வெட்டிச் சுமந்தனர். 1721இல் நீர் வந்து சேர்ந்தது. 1723 ஆகஸ்டில் தோட்டம் விழாவோடு திறந்து வைக்கப்பட்டது. மேட்டு நீர் தோட்டத்துக் குளங்களில் தேங்கி, குழாய்களில் இறங்கி, கீழ்த்தோட்டத்தில் பீறிட்டு எழுகிறது. பிறகு கடலோடு கலந்துவிடுகிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருக்குழாய்க்குத் தண்ணீர் வருகிற அதே தத்துவம்தான். நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாகிறது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தோட்டத்தின் நடுநாயகமான நீரூற்றின் பெயர் சாம்சன். சிங்கத்தின் வாயைப் பிளக்கும் வீரனின் சிலை அது. 1709இல் பொல்தாவா போரில் சுவீடனை வென்றதன் நினைவாக 1735இல் நிறுவப்பட்டது. சிங்கம் சுவீடனின் சின்னம். அச்சிங்கத்தின் வாயிலிருந்து நீர் ஏறத்தாழ 20 மீட்டர் உயரம் எழுகிறது. காற்றுத் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அந்த உயரம் செல்ல நீர் நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், வெளிப்பட வேண்டும். உச்சியை அடைய ஆகும் நேரம் இரண்டு நொடி. இதில் வியப்பு யாதெனில், முதல் 15 மீட்டரை நீர் ஒரே நொடியில் கடந்துவிடுகிறது. எஞ்சிய 5 மீட்டருக்கு இன்னொரு முழு நொடி எடுத்துக்கொள்கிறது. ஆகவேதான் நீரூற்றின் உச்சியில் நீர் தயங்கி, திரண்டு, அங்கேயே தங்கிவிட்டதுபோல் தோன்றுகிறது. இந்தத் தயக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் மேடையில் மீண்டும் சந்திக்கப்போகிறோம்.

பிற நீரூற்றுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரமிடு என்னும் ஊற்றில் 505 தாரைகள் ஏழு அடுக்குகளாக உயர்ந்து நீராலேயே ஒரு கோபுரம் கட்டுகின்றன. குடை என்று ஒன்று. அதன் கீழே போய் நிற்பவரைச் சுற்றித் திரைபோல நீர் கொட்டத் தொடங்கிவிடும். அரசவையினரின் விளையாட்டுப் புத்தியைக் காட்டும் இத்தகைய ஊற்றுகளைக் குழந்தைகள் இன்றும் விட்டுப்போக மறுக்கிறார்கள்.

அரசருக்காக எழுந்த இத்தோட்டம் 1918 முதல் பொதுமக்களுக்கான அருங்காட்சியகம் ஆயிற்று. 1941 செப்டம்பரில் ஜெர்மன் படை இதைக் கைப்பற்றி, 1944 ஜனவரி வரை வைத்திருந்தது. அரண்மனை எரிந்தது, மரங்கள் வெட்டப்பட்டன. சிறிய சிலைகள் பலவற்றை ஊழியர்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தியும் மண்ணில் புதைத்தும் காத்தனர். பெரிய சாம்சனைப் பகைவர் கொண்டுசென்றனர். அது திரும்பக் கிடைக்கவே இல்லை. பழைய புகைப்படங்களைக் கொண்டு சிற்பி சீமனவ் புதிய சிலையை வடித்தார். 1946இல் நீரூற்றுகள் மீண்டும் ஓடத் தொடங்கின. 1947இல் சாம்சனும் எழுந்தான். உணவுக்கே தட்டுப்பாடு நிலவிய காலத்தில் நீரூற்றுக்கு என்ன அவசரம் என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. முற்றுகையில் பட்டினி கிடந்த நகரத்தார் அதைத் தங்கள் சொத்தாகக் கருதினார்கள் என்பதுதான் எனக்குக் கிடைத்த விடை.

இனி மாலைக்கு வருவோம். மாரின்ஸ்கி அரங்கம் 1860இல் திறக்கப்பட்டது. சோவியத் காலத்தில் 1935 முதல் 1992 வரை கீரவ் அரங்கம் என்று அழைக்கப்பட்டது. நூலகத்துப் பழைய நூல்களில் அப்பெயரையே காணலாம். இங்கே ஆடுவோர் பலரும் பயின்ற பள்ளி அரங்கத்தைவிட மூத்தது. 1738இல் பேரரசி அன்னாவின் ஆணையால், லாந்தே என்ற பிரெஞ்சு ஆசிரியரிடம் 12 சிறுவர்களும் 12 சிறுமியரும் அரண்மனை அறைகளில் நடனம் பயிலத் தொடங்கினார்கள். யார் அந்த 24 பேர்? பிரபுக்களின் மக்களா? இல்லை. அரண்மனை வேலையாட்களின் பிள்ளைகள்.

இந்தச் செய்தியைப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அரசு விடுதியில் தங்கி, உதவித்தொகையில் படிக்கும் நம்மில் பலருக்கு அந்த 24 பேரும் அயலார் அல்லர். பேரரசி கருணையால் இதைச் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவைக்கு ஆடுவோர் தேவைப்பட்டனர். வேலையாட்களின் பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தனர். ஆனால் கதவு ஒருமுறை திறந்தபின் நடந்ததைப் பாருங்கள். துணி வெளுத்துப் பிழைத்த ஒரு தாயின் மகள் 1891இல், பத்து வயதில், அப்பள்ளியில் சேர்ந்தாள். அவளே பிற்காலத்தில் உலகமெங்கும் புகழ்பெற்ற அன்னா பாவ்லோவா. மாரின்ஸ்கி அரங்கில் பார்வையாளருக்கு இருக்கை காட்டும் ஊழியராக இருந்தவரின் மகள் அக்ரிப்பினா வகானவா. நடனம் கற்பிக்கும் முறையையே வகுத்து 1934இல் நூலாக எழுதினார். பள்ளி 1957 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பாவ்லோவாவின் பெயர் நம் நாட்டோடும் தொடர்புடையது. ருக்மிணி தேவி அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றவர். உன் நாட்டுக் கலையைத் தேடிப் பார் என்று பாவ்லோவா கூறிய அறிவுரை அவரைச் சதிர் ஆட்டத்தின்பால் திருப்பியது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அதைக் கற்று, 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார்.

மேடையில் 'அன்னப்பறவை ஏரி' நடக்கிறது என்று கொள்வோம். சைகோவ்ஸ்கி இசையமைத்த இந்த நாடகம் 1877இல் மாஸ்கோவில் முதலில் அரங்கேறியபோது பெருவெற்றி பெறவில்லை. 1895இல் மாரின்ஸ்கியில் பெத்திபா, இவானவ் ஆகிய இருவரும் நடனத்தைப் புதிதாக அமைத்த பிறகே நிலைபெற்றது. அதில் லென்யானி என்ற இத்தாலிய நங்கை ஒற்றைக் காலில் 32 முறை தொடர்ந்து சுழன்றார். அன்றுமுதல் அது கட்டாயம்போல ஆகிவிட்டது. அரங்கினர் விரல்விட்டு எண்ணுகிறார்கள்.

ஒரு சுழற்சியைக் கூர்ந்து நோக்குவோம். நடனமணி நம்மை நோக்கித் திரும்பும் கணத்தில் நின்ற காலின் குதிகாலைத் தரையில் பதித்து, முழங்காலைச் சற்றே மடக்குகிறாள். அந்தக் கணத்தில் தரையை உதைத்து, இழந்த கோண உந்தத்தை ஈடுசெய்கிறாள். மறுகால் முன்னே நீண்டு பக்கவாட்டில் வீசப்படுகிறது. வீசும் அந்தக் கால் சுழற்சியைத் தன்னிடம் சேமித்து வைத்துக்கொள்கிறது. பிறகு விரல்நுனியில் எழுந்து, வீசிய காலை முழங்காலருகே இழுத்துக்கொள்கிறாள். நிறை அச்சுக்கு அருகே வந்ததால் நிலைமத் திருப்புத்திறன் குறைகிறது. உடல் விரைந்து சுழல்கிறது. விரல்நுனியில் நிற்கும் செருப்புக்குள் இரும்பு இல்லை. துணியும் பசையும் அடுக்கடுக்காக இறுகியதுதான். ஒரே இரவில் ஒரு சோடி நைந்துபோவதும் உண்டு.

காற்றில் மிதப்பதுபோன்ற தாவலும் அப்படியே. அரை மீட்டர் உயரம் தாவுபவர் காற்றில் இருப்பது ஏறத்தாழ 0.64 நொடிதான், இதில் பாதி நேரம் உச்சியின் கடைசிக் கால்பங்கு உயரத்தில் கழிகிறது. சாம்சன் ஊற்றின் தயக்கம் இதுவே. அத்துடன் நடனமணி உச்சிக்குச் செல்லும்போது கைகளையும் கால்களையும் உயர்த்துகிறாள். ஈர்ப்பு மையம் பரவளையப் பாதையிலேயே செல்கிறது. ஆனால் உயர்த்திய கைகால்களால் அது உடலுக்குள் மேலே நகர்ந்துவிடுவதால் தலை சற்று நேரம் ஒரே மட்டத்தில் செல்கிறது. நம் கண் தலையைத்தான் பார்க்கிறது. மிதக்கிறாள் என்று நம்பிவிடுகிறோம். புவியீர்ப்பு ஒரு நொடிகூட விடுமுறை எடுப்பதில்லை. ரோப்ஷா மேட்டிலிருந்து 20 கிலோமீட்டர் மண்ணுக்குள் வெட்டிய கால்வாய் தோட்டத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாததுபோல, பத்து வயதில் தொடங்கி எட்டாண்டுகள் நாள்தோறும் பள்ளியின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு செய்த பயிற்சியும் மேடையில் தெரிவதில்லை.

செல்ல வாய்ப்புள்ளோர்க்கு இரண்டு குறிப்புகள். நீரூற்றுகள் ஏப்ரல் இறுதி முதல் அக்டோபர் வரைதான் ஓடும். ஜூன் மாதம் சிறந்தது. நாடகம் முடிந்து இரவு பத்து மணிக்கு வெளியே வந்தாலும் வானில் வெளிச்சம் இருக்கும். அரங்கில் முன்வரிசை கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். இரண்டாம் காட்சியில் அன்னங்கள் வரிசை வரிசையாகக் கூடிப் பிரிந்து மேடையில் வரையும் கோலம், மேல்மாடத்து மலிவு இருக்கையில் அமர்ந்தவருக்கே முழுதாகத் தெரியும்.