எரிந்த கப்பலும் முடக்கிய கப்பலும்

1908 ஆகஸ்ட் 5. ஜெர்மனியிலே, எக்டர்டிங்கன் வயலிலே, செப்பலின் பிரபுவின் ஆகாயக் கப்பல் காற்றில் கட்டறுந்து எரிந்தது. சொந்தச் சொத்தையெல்லாம் அதிலே கொட்டியவர் அவர். கைகொடுத்தது யார்? சாதாரண மக்கள்! சேர்ந்த நன்கொடை 60 இலட்சம் மார்க்.

நம்மவர் மட்டும் கைமூடிகளா? 1906-லே, பங்கு ஒன்று 25 ரூபாய் என்று, 10 இலட்சம் திரட்டக் கிளம்பினார் தூத்துக்குடி வ.உ.சி. (அன்றைய கூலிக்காரனுக்கு 25 ரூபாய் எத்தனை மாத வயிற்றுப்பாடு, எண்ணிப் பாருங்கள்!) 'காலியா' வந்தது, 'லாவோ' வந்தது.

அங்கே கெடுத்தது காற்று. இங்கே கெடுத்தது வெள்ளையன் சட்டம். செப்பலின் கப்பல் எரிவதற்கு ஒரு மாதம் முன்புதான் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை! அதே ஆண்டில்தான் பாரதியாரும் 'இந்தியா' ஏடும் நம் புதுவைக்குத் தப்பி வந்தது. பங்குப் பணம் திரட்டிய கை கோவைச் சிறையிலே செக்கிழுத்தது. 1911-லே கம்பெனி கலைந்தது.