எறும்புப் புற்றில் பிறக்கும் நீல அழகி!

சர்க்கரை டப்பாவைச் சுற்றி எறும்பு மருந்துக் கோடு போடாத வீடு நம்மில் உண்டோ? எங்கள் வீட்டில் அது வாராவாரம் நடக்கிற காரியம். அப்படி எறும்போடு தினம் மல்லுக்கட்டுகிற என்னிடம் ஒரு வெள்ளைக்கார அம்மாள், "எறும்பு இல்லாவிட்டால் இந்தப் பட்டாம்பூச்சியே இல்லை" என்றார். நான் வாயடைத்துப்போன அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் தங்கை இங்கிலாந்தில், பிரிஸ்டல் நகரத்தில் இருக்கிறாள். சில வருஷங்களுக்கு முன் அவள் பிரசவத்துக்கு உதவியாகப் போயிருந்தேன். பத்தியச் சமையல், குழந்தைக் குளியல், துணி மடிப்பது என்று நாலு சுவருக்குள்ளேயே பொழுது போய்விட்டது. நாற்பது நாள் கழிந்ததும் தங்கை வீட்டுக்காரர், "அக்கா, இவ்வளவு தூரம் வந்து நீங்க ஒண்ணுமே பார்க்கலையே" என்று எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஏதோ அரண்மனை, கடைவீதி என்று நினைத்தேன். அவரோ சாமர்செட் பக்கம் கொலார்ட் ஹில் என்கிற ஒரு வெறும் குன்றின் முன்னால் வண்டியை நிறுத்தினார்!

வெறும் குன்றா அது? வெயிலைப் பார்த்துச் சாய்ந்த சரிவு. மாடு மேய்ந்து மேய்ந்து பாய் விரித்தாற்போல் குட்டையான புல். நடுநடுவே தரையோடு தரையாகப் படர்ந்து, கத்தரிப்பூ நிறத்தில் பூத்த காட்டுத் தைம். துளசி, புதினா எல்லாம் சேர்ந்த குடும்பத்துச் செடிதானாம். சும்மா இருக்க முடியாமல் ஒரு கொத்தைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பார்த்தேன். காரமும் மணமுமாக, ஓம டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு ஞாபகம். அதில் அதிசயமில்லை. நாம் வயிற்றுவலிக்குக் காய்ச்சுகிற ஓமத்தில் இருக்கும் தைமால் என்ற சத்துக்கு, அந்தப் பெயரே தைம் செடியிலிருந்துதான் வந்தது.

"அதைக் கிள்ளாதீர்கள், மொட்டுக்குள் முட்டை இருக்கலாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தொப்பியும் கழுத்தில் தொலைநோக்கியுமாக ஒரு வயதான அம்மாள். கோபமாகச் சொல்லவில்லை, ஆனாலும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அங்கே வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வதற்காகச் சம்பளமில்லாமல் நிற்கிறவராம். அவர் சொல்லச் சொல்லத் தங்கை வீட்டுக்காரர் தமிழில் சொன்னார்.

அந்தப் பட்டாம்பூச்சிக்கு 'லார்ஜ் புளூ', அதாவது பெரிய நீலம் என்று பெயர். பெரிய என்றதும் நம்மூர்ப் பெரிய வண்ணத்துப்பூச்சிகளை நினைத்துவிடாதீர்கள். சிறகை விரித்தால் நாலைந்து சென்டிமீட்டர், அவ்வளவே. மற்ற நீலங்கள் இன்னும் சிறிது என்பதால் இதற்குப் 'பெரிய' பட்டம். நீலச் சிறகின் மேல் மை தெளித்தாற்போல் கறுப்புப் புள்ளிகள்.

தாய்ப்பூச்சி தைம் மொட்டுகளில் ஒவ்வொன்றாக முட்டையிடுகிறது. புழு வெளிவந்து இரண்டு மூன்று வாரம் அந்தப் பூவையே தின்கிறது. ஒரே பூவில் இரண்டு புழு இருந்தால் ஒன்றையொன்று தின்றுவிடுமாம், உடன்பிறப்பு என்ற பாசமெல்லாம் இல்லை! பிறகு ஒரு நாள் சாயங்காலமாகப் பார்த்துத் தரையில் விழுந்து, அசையாமல் காத்திருக்கிறது. எதற்கு? எறும்புக்கு!

ஒரு செவ்வெறும்பு வந்து தடவிக் கொடுத்ததும், புழு தன் உடம்பிலிருந்து ஒரு சொட்டு இனிப்பு நீரைச் சுரக்கிறது. எறும்பு அதைக் குடித்துக் குடித்து மயங்குகிறது. கடைசியில் புழு உடம்பை உப்பிக்கொண்டு எறும்புக் குஞ்சு மாதிரி வேஷம் போடுகிறது. வாசனையும் கிட்டத்தட்ட அதே வாசனை. 'ஐயோ, நம்ம வீட்டுக் குழந்தை வெளியில் கிடக்கிறதே' என்று எறும்பு பதறிப்போய் வாயில் கவ்விப் புற்றுக்குத் தூக்கிக்கொண்டு போகிறது.

உள்ளே போன விருந்தாளி செய்கிற வேலையைக் கேளுங்கள். சுமார் பத்து மாதம் அந்த எறும்புகளின் குஞ்சுகளைத் தின்றே கொழுக்கிறது. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதை நாம் பெரிய திருட்டு என்கிறோமே, குயிலாவது காக்கைக் குஞ்சைத் தின்பதில்லை! இதன் நெருங்கிய உறவுக்காரப் பூச்சி ஒன்று, ராணி எறும்பின் சத்தத்தைப் போலவே ஒலி எழுப்பி ராஜ உபசாரம் பெறுகிறது என்று 2009-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். புற்றுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, வெயில் காலம் வந்ததும் ஒரு காலை வேளையில் சுருங்கிய சிறகோடு ஊர்ந்து வெளியே வந்து, ஒரு புல்லில் ஏறிச் சிறகை விரித்துக் காயவைத்துப் பறக்கிறது. அப்புறம் அதற்கு ஆயுசு சில நாட்களே.

1795-லேயே இங்கிலாந்தில் இந்தப் பூச்சியை அடையாளம் கண்டுவிட்டார்கள். ஆனால் புழு பூவை விட்டு இறங்கி எங்கே போகிறது என்பது நூறு வருஷத்துக்கு மேல் புரியாமலே இருந்தது. 1915 வாக்கில்தான் எறும்புப் புற்றுக்குள் கண்டுபிடித்தார்கள். பியூர்ஃபாய் என்ற ஒரு ராணுவக் கேப்டன், அக்ரூட் கொட்டை ஓட்டுக்குள் எறும்பைக் குடிவைத்து, அதில் இந்தப் புழுவை விட்டு வளர்த்துப் பார்த்தாராம். என்ன பொறுமை! நம் வீட்டு ஆண்களுக்கு ஒரு கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விடவே பொறுமை கிடையாது.

அதற்குள் பூச்சி குறைந்துகொண்டே வந்தது. பட்டாம்பூச்சியைப் பிடித்து ஊசி குத்திப் பெட்டியில் சேர்க்கிறவர்கள் மேல்தான் எல்லோரும் பழி போட்டார்கள். அவர்கள் வரக்கூடாதென்று 1930-களில் ஓரிடத்தில் வேலிகூடப் போட்டார்கள். வேலி அவர்களோடு சேர்த்து ஆடுமாடுகளையும் தடுத்தது. புல் உயர்ந்தது. கொஞ்ச காலத்தில் அங்கே இருந்த பூச்சியும் போயிற்று. காப்பாற்றப் போட்ட வேலியே காலனானது என்று அந்த அம்மாள் சொன்னபோது எனக்குச் சொரேலென்றது.

1953-ல் முயல்களுக்கு மிக்ஸோமடோசிஸ் என்ற கொள்ளைநோய் வந்தது. மேய்கிற முயல்களில் பெரும்பகுதி மாண்டுபோக, புல் இன்னும் உயர்ந்தது. தைம் மட்டும் பூத்துக்கொண்டுதான் இருந்தது. அதனால் யாருக்கும் காரணம் பிடிபடவில்லை.

ஜெரமி தாமஸ் என்ற இளம் விஞ்ஞானி 1970-களில், கடைசியாகப் பூச்சி மிஞ்சியிருந்த இடத்திலேயே கோடைதோறும் தங்கி, முட்டையையும் புழுவையும் எறும்பையும் ஒன்று விடாமல் எண்ணினார். விடை எறும்பில்தான் இருந்தது. எந்தச் செவ்வெறும்பு தூக்கிப்போனாலும் பிழைத்துவிட முடியாது. மிர்மிக்கா சபுலெட்டி என்ற ஒரே ஓர் இனத்தின் புற்றில்தான் புழு நன்றாகப் பிழைக்கிறது. அந்த எறும்புக்கோ சூடான மண் வேண்டும். புல் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து நிழல் கட்டினாலே மண்ணின் சூடு இரண்டு மூன்று டிகிரி குறைந்துவிடும். அந்த எறும்பு போய் வேறு எறும்பு குடியேறிவிடும். இரண்டு டிகிரி என்பது நமக்கு ஃபேனைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கிற விஷயம். அந்தப் பூச்சிக்கு அது உயிர்.

இதெல்லாம் தெளிவானபோது காலம் கடந்துவிட்டது. 1976-ல் கடும் வறட்சி வேறு. 1979-ல் இங்கிலாந்தில் பெரிய நீலம் அடியோடு அற்றுப்போனது. மருந்து வீடு வந்து சேருவதற்குள் நோயாளி போன மாதிரி.

ஆனாலும் அவர்கள் விடவில்லை. புதரை வெட்டி, மாடுகளை மேய விட்டு, முதலில் எறும்புக்கு ஏற்ற மண்ணைத் தயார் செய்தார்கள். 1983-லிருந்து ஸ்வீடன் நாட்டின் ஓலாந்து தீவுப் பூச்சிகளின் வாரிசுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல குன்றுகளுக்குப் பரவியது. குளொஸ்டர்ஷயரில் ராட்பரோ காமன் என்ற புல்வெளியில் 2020-ல், 150 வருஷத்துக்குப் பிறகு மறுபடி பறந்தது என்று தங்கை வீட்டுக்காரர் செய்தி அனுப்பியிருந்தார். 2022 கோடையில் நாடு முழுவதும் 150 வருஷத்தில் இல்லாத அளவு பூச்சிகளாம்.

அன்றைக்கு எங்களுக்கு லேசில் தரிசனம் கிடைக்கவில்லை. மேகம் மூடியிருந்தது. வெயில் இல்லாவிட்டால் அவை பறக்காது. கொண்டுபோயிருந்த புளிச்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மாளுக்கும் கொஞ்சம் கொடுத்தேன். "காரம்" என்று கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

மூன்று மணி இருக்கும். மேகம் விலகிச் சுள்ளென்று வெயில் வந்தது. என் காலடிக்கு இரண்டு முழம் தள்ளி, மங்கின நீலப் பட்டுத் துண்டு ஒன்று காற்றில் வந்து தைம் மேல் உட்கார்ந்தது. வாலை வளைத்து ஒரு மொட்டுக்குள் செருகியது. நான் மூச்சுக்கூட விடவில்லை. அது பறந்து போனதும் அந்த அம்மாள் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். குண்டூசித் தலையைவிடச் சிறியதாக, வெள்ளையாக ஒரு முட்டை. தங்கையும் குனிந்து பார்த்தாள். அதற்குள் காரில் குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டது. கீழே பார்த்துப் பார்த்துக் காலை வைத்து இறங்கினோம்.