அரசு ஊழியரும் ஒழுங்கு நடவடிக்கை விதிகளும்

அரசுப் பணியாளர் ஒருவரை விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்வதை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, அரசமைப்பின் 311ஆம் பிரிவு தடுக்கிறது. தமிழ்நாட்டில் இந்தக் காப்பு 1955ஆம் ஆண்டின் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள் வழியாகவே நடைமுறைக்கு வருகிறது. அவற்றின் 17(அ) விதி கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் முதலிய சிறு தண்டனைகளுக்கும், 17(ஆ) விதி பதவியிறக்கம், பணிநீக்கம் போன்ற பெருந்தண்டனைகளுக்கும் உரியவை. பின்னதில் குற்றச்சாட்டுகள் எழுத்தில் தரப்பட்டு, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பும் பணியாளருக்கு அளிக்கப்பட வேண்டும்.

தண்டனையைவிடக் கொடியது தாமதம். தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவர், குற்றம் மெய்ப்பிக்கப்படாத நிலையிலேயே, ஊதியத்தின் ஒரு பகுதியான பிழைப்பூதியத்தைக் கொண்டு குடும்பம் நடத்த நேர்கிறது என்பதால், மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கப்படாவிட்டால் அந்நிலை நீடிக்கலாகாது என 2015இல் உச்ச நீதிமன்றம் கூறியது மிகவும் தேவையான தலையீடாகும்.

துறைக்குள் மேல்முறையீடு பயன் தராதபோது, மத்திய அரசு ஊழியர்கள் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தை நாடலாம். அதன் ஆணைகளையும் உயர் நீதிமன்றம் மறு ஆய்வு செய்யலாம் என 1997இல் சந்திரகுமார் வழக்கில் தீர்ப்பாயிற்று. தமிழ்நாட்டின் மாநிலத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டுவிட்டதால், இங்குள்ள மாநில அரசு ஊழியர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தையோ அதன் மதுரைக் கிளையையோ நேரடியாக அணுகுகின்றனர்.