பழைய காருக்குக் கூலன்ட் டேங்க்: பொருத்தும் முன்பே கேளுங்கள், எழுதி வாங்குங்கள்

களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வழியாக நாகர்கோவில் வரும் சாலை, பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பெரும் சோதனை. சபரிமலை சீசனும் சுற்றுலா சீசனும் சேரும் டிசம்பர், ஜனவரியில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். வேகம் இல்லாததால் ரேடியேட்டருக்குள் காற்று போதுமான அளவு புகாது. ஹீட் மீட்டர் முள் ஏறும், சற்று நேரத்தில் பானெட் ஓரத்தில் ஆவி கிளம்பும். பேச்சிப்பாறை தாண்டிக் கோதையாறு ஏற்றத்திலும் இதே பாடுதான். ஆடிக்காற்றுக் காலத்தில் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகத் திருநெல்வேலி நோக்கிப் போனால், காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் ரேடியேட்டருக்குக் கிடைக்கும் எதிர்க்காற்று இன்னும் குறையும்.

"ஒரு டேங்க் வச்சிருவோம், சரியாயிரும்" என்பார் மெக்கானிக். அந்த யோசனையில் தவறில்லை. கூலன்ட் விரிவாக்க டேங்க் எளிமையான பாகம்தான். ஒழுங்காகப் பொருத்தினால் பழைய எஞ்சினின் ஆயுள் கூடும். தவறாகப் பொருத்தினால் ரேடியேட்டர் பிளக்கும், முகமும் கையும் வெந்துபோகும், எஞ்சின் சீஸ் ஆகும். அப்படி நேர்ந்தால் யாரிடம் கேட்பது, எதைக் காட்டிக் கேட்பது என்பதை வேலைக்கு வண்டியை விடும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய கார்களில் ஏன் இந்த டேங்க் இல்லை?

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் அதன் மூலம். ஹெரால்டின் சேஸியைச் சுருக்கி, அதே குடும்பத்து எஞ்சினை வைத்துத்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் 1962-இல் வந்தது. அதனால் தமிழ்நாட்டில் ஹெரால்டும், 1970-களில் அதன் வழிவந்த கெஸலும் வைத்திருப்பவர்கள் ஸ்பிட்ஃபயரின் உறவுக்காரர்கள். அம்பாசடர், பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் சிக்கல் ஏறக்குறைய இதேதான்.

அந்தக் காலத்து அமைப்பில் ரேடியேட்டர் கழுத்திலிருந்து ஒரு சிறு குழாய் தரையைப் பார்த்து இறங்கும். 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 95 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் 3.5 சதவீதம் விரிகிறது. 7 லிட்டர் பிடிக்கும் அமைப்பில் அது ஏறக்குறைய கால் லிட்டர். கூலன்ட் கலந்தால் விரிவு இன்னும் அதிகம். விளிம்பு வரை நிரப்பிய ரேடியேட்டரில் அந்தக் கால் லிட்டருக்கு இடம் இருக்காது. மூடியைத் தள்ளிக்கொண்டு குழாய் வழியாக ரோட்டில் கொட்டிவிடும். எஞ்சின் ஆறும்போது அதே அளவுக்குக் காற்று உள்ளே போகும். மறுநாள் காலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி நிரப்புவோம். இப்படியே நாளாக நாளாகக் கூலன்ட் நீர்த்துப்போகும், உள்ளே துரு பிடிக்கும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினால் அரிப்பு இன்னும் வேகமாகும்.

வெளியேறும் கூலன்டைப் பிடித்து வைத்து, எஞ்சின் ஆறியதும் திருப்பிக் கொடுப்பதுதான் டேங்கின் வேலை. அது எஞ்சினைக் குளிர்விக்காது. அடைபட்ட ரேடியேட்டர், தளர்ந்த ஃபேன் பெல்ட், தேய்ந்த வாட்டர் பம்ப், தவறான இக்னிஷன் டைமிங் ஆகியவற்றுக்கு டேங்க் மருந்தல்ல. "டேங்க் வச்சா ஹீட் ஆகாது" என்று யாராவது உறுதி கொடுத்தால், அந்த வார்த்தையை எழுதித் தரச் சொல்லுங்கள்.

இரண்டு வகை, இரண்டு முறை

முதல் வகை ஓவர்ஃப்ளோ பாட்டில். இதில் பிரஷர் கிடையாது. ரேடியேட்டர் மூடிதான் பிரஷரைத் தாங்குகிறது. பாட்டிலுக்குள் வரும் குழாய் அடிவரை இறங்கி, கூலன்டில் மூழ்கியிருக்க வேண்டும். மூடியையும் மாற்றியாக வேண்டும். பழைய மூடியில் உள்பக்கம் ஒரே ஒரு சீல்தான் இருக்கும். புதியதில் கழுத்தின் மேல் விளிம்பை அடைக்கும் இன்னொரு சீலும், ஆறும்போது கூலன்டைத் திரும்ப இழுக்கும் சிறு வால்வும் வேண்டும். பாட்டில் மட்டும் வைத்துப் பழைய மூடியை அப்படியே விட்டால் பாட்டில் நிரம்பும், ரேடியேட்டர் காலியாகும். பாட்டிலைப் பார்த்து "கூலன்ட் நிறைய இருக்கு" என்று ஏமாறுவோம்.

இரண்டாவது வகை பிரஷர் டேங்க். இங்கே பிரஷர் மூடி டேங்கின் மேல் இருக்கும். ரேடியேட்டர் கழுத்தை வால்வு இல்லாத மூடியால் அடைக்க வேண்டும். குளிர்விக்கும் அமைப்பிலேயே மிக உயரமான இடத்தில் டேங்க் இருக்க வேண்டும். அடியிலிருந்து ஒரு ஹோஸ் பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்துக்குப் போகும். ரேடியேட்டர் உச்சியிலிருந்து காற்று வெளியேற ஒரு மெல்லிய குழாய் டேங்கின் மேற்பகுதிக்கு வரும். டேங்கைத் தாழ்வாக வைத்தால் சிலிண்டர் ஹெட்டுக்குள் காற்று தேங்கி, அந்த இடம் மட்டும் தனியாகச் சூடேறும்.

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஹெரால்டுக்கும் பெரும்பாலும் முதல் வகையே போதும். பின்னாளைய ஸ்பிட்ஃபயர்களில் கம்பெனியே வைத்தது இந்த ஓவர்ஃப்ளோ பாட்டில்தான்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

மூடியில் அச்சிட்டிருக்கும் எண்ணில். பிரஷர் ஏறினால் கொதிநிலையும் ஏறும். வெறும் தண்ணீர் 7 பிஎஸ்ஐ பிரஷரில் சுமார் 111 டிகிரியிலும், 13 பிஎஸ்ஐயில் சுமார் 119 டிகிரியிலும் கொதிக்கும். அதனால்தான் நவீன கார்களில் அதிகப் பிரஷர் மூடி வருகிறது. புதிய கார் மூடியில் 0.9 என்று இருந்தால் அது ஏறக்குறைய 13 பிஎஸ்ஐ. 1950, 60-களின் கார்களுக்கு 4 அல்லது 7 பிஎஸ்ஐ மூடிகளே வழக்கம். ஈயம் பற்றவைத்த பித்தளை ரேடியேட்டர் அந்த அளவுக்குச் செய்யப்பட்டது. "மாருதி மூடி சரியா உக்காருது" என்று அதைப் போட்டுவிட்டால், ஐம்பது வயது ரேடியேட்டர் இருமடங்கு பிரஷரைத் தாங்க வேண்டியிருக்கும். பற்றவைத்த இடம் பிளக்கும், பழைய ஹோஸ் வெடிக்கும்.

சூடான மூடியைத் திறப்பது வெயிட் போட்ட குக்கரைத் திறப்பதற்குச் சமம். மூடி பிரஷரை விட்ட நொடியில், நூறு டிகிரிக்கு மேல் இருந்த தண்ணீர் ஒரேயடியாக ஆவியாகப் பொங்கும். வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். மேல் ஹோஸைத் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறும்வரை மூடியில் கை வைக்கக் கூடாது. கொட்டிவிட்டால் வெந்த இடத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் நனையுங்கள். பேஸ்ட், தேங்காயெண்ணெய், மை எதையும் தடவ வேண்டாம். முகம், கண், பெரிய பரப்பு என்றால் 108-ஐ அழையுங்கள்.

தண்ணீர் பாட்டிலையோ ஆசிட் கேனையோ டேங்காகக் கட்டி வைப்பது இன்னொரு ஆபத்து. எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது இளகி வழியும். கசிந்த கூலன்டில் தண்ணீர் ஆவியாகி, அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் மட்டும் மிஞ்சினால், பழுக்கக் காய்ந்த எக்ஸாஸ்டில் அது தீப்பிடிக்கவும் கூடும்.

கூலன்டின் நஞ்சைப் பற்றிப் பலரும் நினைப்பதில்லை. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும்; அதனால் குழந்தைகளும் நாய்களும் நக்கிவிடுகின்றன. சிறிதளவு கூடச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து உயிரைப் பறிக்கலாம். யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், வாந்தி எடுக்க வைக்காமல், கேனையும் எடுத்துக்கொண்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். மாற்று மருந்து உண்டு, நேரம்தான் முக்கியம். வடிகட்டிய பழைய கூலன்டைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றவே கூடாது.

வேலைக்கு விடும் முன் கேட்க வேண்டியவை

பழைய மூடியின் பிரஷர் எவ்வளவு, புதியது எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். "அண்ணாச்சி, அதெல்லாம் பாக்காண்டாம், இது தாங்கும்" என்று பதில் வந்தால், "எண்ணை மட்டும் பில்லில எழுதித் தாங்க அண்ணாச்சி" என்று அன்பாகவே கேட்கலாம். நல்ல மெக்கானிக் அதற்காக வருத்தப்பட மாட்டார்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பழுதாயிருந்தால் புதியது போடுங்கள். பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்ற கூலன்டா என்று கேளுங்கள். கேனில் ஐஎஸ் 5759 என்ற தரக் குறியீட்டையும் அதிகபட்ச சில்லறை விலையையும் பாருங்கள். அந்த விலைக்கு மேல் வாங்கினால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம். கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர் போதும். கழற்றிய பழைய மூடியையும் குழாய்களையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியில் எதை மாற்றினாலும் குற்றம் என்ற பயம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் தயாரிப்பாளரின் விவரங்களுக்கும் முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படி அதன் கட்டமைப்பை மாற்றுவதைத்தான் அது மாற்றம் என்கிறது. கிளாம்ப் போட்டு நிறுத்திய சிறு பாட்டில் எஞ்சின் எண், சேஸி எண், எரிபொருள் எதையும் மாற்றுவதில்லை. டேங்க் வைக்கிறேன் என்று சேஸியை அறுப்பதும், எஞ்சினையே மாற்றுவதும் வேறு விஷயம். அனுமதியற்ற மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், தயாரிப்பாளரின் விவரங்களுக்கு முரணாக மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அடிக்கடி எல்லை தாண்டும் நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கார் 50 வயதைக் கடந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றாத வண்டிகளுக்கே விண்டேஜ் பதிவு கிடைக்கும். அதனால் பாடியில் ஓட்டை போடாமல், எப்போது வேண்டுமானாலும் கழற்றும்படி டேங்கைப் பொருத்துங்கள். ஐயம் இருந்தால் நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் ஏமாற வேண்டாம். முழுமையான (காம்ப்ரிஹென்சிவ்) பாலிசியில் தீ விபத்துக்கும் தானாகத் தீப்பிடிப்பதற்கும் இழப்பீடு உண்டு. எஞ்சின் சூடேறி சீஸ் ஆவது இயந்திரக் கோளாறு; அதற்குப் பணம் வராது. பொருத்திய பாகத்தைக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நியாயமான கோரிக்கையை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் சரியில்லை என்றாலோ, கட்டணமின்றிச் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

பொருத்திய பின் பழுதானால்?

காசு வாங்கிச் செய்த வேலை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி ஒரு சேவை. அதில் குறை இருந்தால் இழப்பீடு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பாகமே மோசம் என்றால் தயாரிப்பாளர், விற்றவர், பொருத்தியவர் என்று அவரவர் பங்குக்குப் பொறுப்பு வரும். பில் தராமல் இருப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் இல்லாவிட்டாலும் ஜிபே பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, புகைப்படம் ஆகியவற்றை ஆதாரமாக முன்வைக்கலாம். லாபத்துக்காகக் கார்களை வாடகைக்கு விடுபவர் இந்தச் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலாகப் பிழைப்புக்கு ஓட்டுபவர் ஆவார்.

வண்டியை அதே நிலையில் படமெடுங்கள். பிளந்த ஹோஸையும் மூடியையும் எறியாதீர்கள். வேறொரு தகுதியான மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பிறகு ஒர்க்‌ஷாப்புக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, சரிசெய்ய 15 நாள் போலக் கெடு கொடுங்கள். பெரும்பாலும் இங்கேயே பேசித் தீர்ந்துவிடும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

அடுத்து நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். திருவனந்தபுரத்தில் வேலை செய்திருந்தாலும், நீங்கள் குமரி மாவட்டத்தில் குடியிருந்தால் இங்கேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இணையத்திலும் தாக்கல் செய்யலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தீர்ப்பு திருப்தி இல்லை என்றால் 45 நாளில் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமானம் குறைந்தவர்களும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறலாம். அதற்கான எண் 15100.

ஒர்க்‌ஷாப் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேலைச் சீட்டில் மூடியின் பிரஷர், கூலன்டின் பெயர், டேங்கின் வகை என்று மூன்று வரி சேர்த்து எழுதுங்கள். பழுது வேறு எங்கோ இருந்து பழி உங்கள்மேல் விழும் நாளில், அந்த மூன்று வரிதான் உங்களையும் காப்பாற்றும். வண்டிக்காரர்களே, அந்தச் சீட்டு கைக்கு வராமல் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள்.