எட்டுக்கால் குடித்தனம் – 14: டிக்கெட் எடுக்காத நீலச் சிலந்தி

தரையில் வளை தோண்டும் டாரண்டுலாக்களோடு போன வாரம் நின்றோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் மரமேறிகள். தீனி பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் குத்தி குறுக்கே வந்துவிட்டது.

குத்தி, ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டத்து ரயில்வே ஜங்ஷன். அங்கே ரயில்வே மரக்கிடங்கில் அகப்பட்ட சிலந்தியைத்தான் 1899இல் ரெஜினால்ட் போகாக் புதிய இனமாக விவரித்து, பொயிசிலோதீரியா மெட்டாலிகா என்று பெயர் வைத்தார். உலோகம் மாதிரி மின்னும் நீலம். அப்புறம் பேச்சுமூச்சே இல்லை. மறுபடி கண்ணில் பட்டது 2001இல், சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவிலுள்ள காட்டில்! மரக்கட்டையோடு ரயிலேறி குத்தியில் இறங்கியிருக்கிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஆனாலும் லண்டனிலும் பெர்லினிலும் இதை வளர்ப்பவர்களுக்கு இன்றைக்கும் அது 'குத்தி சஃபையர்'தான். (1827இல் காலராவில் இறந்த தாமஸ் மன்றோவையும் முதலில் குத்தியில்தான் புதைத்தார்கள், பிறகுதான் சென்னைக் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். வந்தவர் யாரும் தங்காத ஊர் போலிருக்கிறது.)

அந்த நீலத்தில் நிறமி கிடையாது. ரோமத்தின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் விதம் அது. காசு கொடுத்து வாங்கியவர் அதைப் பகலில் பார்க்க முடியாது என்பதுதான் வேடிக்கை. உயரவாக்கில் ஒரு பெட்டி, சாய்த்துவைத்த கார்க் பட்டை, அடியில் மண், ஒரு தண்ணீர்க் கிண்ணம். சிலந்தி பட்டைக்குப் பின்னால் போய், நூலோடு மண்துகளைப் பிசைந்து வாசலுக்குத் திரை கட்டிவிடும். வெளியே தெரிவது இரண்டு கால்நுனி. இரவில் விளக்கை அணைத்துவிட்டு மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் காத்திருந்தால், பட்டையோடு பட்டையாகப் படிந்திருக்கும் சாம்பல் கோலம் மெல்லப் பிரிந்து வரும். பெட்டியைத் தட்டினீர்களோ, கண்ணிமைக்கும் நேரத்தில் காணாமல் போகும்.

தென்னமெரிக்க ரகங்கள் போல ரோமத்தை உதிர்த்து அரிப்பு ஏற்படுத்தும் வித்தை இதற்குத் தெரியாது. ஒளிவது, ஓடுவது, கடிப்பது, இவ்வளவுதான். கடித்து யாரும் செத்ததாகப் பதிவில்லை; ஆனால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் ஆளைப் படுத்தும். கையில் எடுத்துப் படம் பிடிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. ஒளிய இடம் கொடுத்தால் ஒளியும்; கொடுக்காவிட்டால் உங்கள் சட்டைக் கைக்குள் இடம் தேடும். எனவே சிலந்தி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே போக வேண்டியது நீண்ட இடுக்கி, விரல் அல்ல. வீடு மாற்றும்போது பெட்டியையே ஒரு பெரிய டப்பாவுக்குள் வைத்துத் திறந்து, பட்டையோடு சேர்த்து மாற்றுவார்கள். முன்கால்களைத் தூக்கி அடியிலுள்ள மஞ்சளைக் காட்டினால் அன்றைக்கு வேலை முடிந்தது, மூடிவிட வேண்டும்.

தின்னாமல் வாசலை அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் தோலுரிக்கப் போகிறது. அப்போது உயிருள்ள சில்வண்டை உள்ளே விட்டுவைத்தால், மென்தோல் சிலந்தியை அதுவே கடித்துவிடும்.

இந்தப் பேரினம் முழுவதும் 2019இல் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் ஏறியது. நாடு கடந்த வியாபாரத்துக்கு இப்போது அனுமதிச்சீட்டு வேண்டும். மெட்டாலிகா மிக அருகிய இனம். காட்டில் பிடித்ததை வாங்குவது திருட்டுப் பொருளை வாங்குவதுதான்.

தீனி அடுத்த வாரம். இலங்கையில் மாங்குளம் ஆஸ்பத்திரி டாக்டர் குவார்ட்டர்ஸில் குடியிருந்த ஒருத்தி குறுக்கே வராவிட்டால்.